கைக்கு முன் வாய்: கால்நடைச் செவிலியர்களுக்கான செய்முறைப் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

டர்பனில் கால்நடைச் செவிலியரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து பூனையைக் கூடையில் தூக்கி வரும் ஆயாவுக்கும், புளஃப் பகுதியிலிருந்து போயர்புல் நாயை இழுத்து வரும் மீனவருக்கும் நான் சிஸ்டர். அந்தப் பெயருக்குத் தகுதியாக இருக்கக் கைக்கு வேலை தெரிய வேண்டும். புத்தகத்தில் எண்பது மதிப்பெண் வாங்கிய பெண், நடுங்கும் டாஷண்ட் நாயின் முன்னங்காலைப் பிடித்ததும் அழுதுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் நான்தான். அதனால் இதை ஓரளவு அனுபவத்தோடு எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் படிப்புக்குரிய இடம் பிரிட்டோரியாவின் வடக்கே உள்ள ஒண்டர்ஸ்டபோர்ட். 1908-ல் ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய வளாகம் அது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. செவிலியர் பட்டப்படிப்பு மூன்று ஆண்டு. முடித்தபின் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். 1982-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டம் அப்படிச் சொல்கிறது. நோயறிதலும் அறுவையும் மருத்துவருடைய வேலை. அந்த எல்லையைத் தாண்டும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். எல்லைக்குள்ளேயே செய்து முடியாத அளவு வேலை கிடக்கிறது.

டர்பனிலிருந்து ஒண்டர்ஸ்டபோர்ட் 600 கிலோமீட்டருக்கு மேல். அதனால் இங்கிருந்து போகும் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வந்து எங்களைப் போன்ற மருத்துவமனைகளில் நின்று பழகுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசைதான் கீழே இருக்கிறது.

முதலில் கற்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்

செய்முறை கற்பிப்பதில் பேட்டன் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் நான்கு படிகள் உண்டு. முதல் படியில் ஆசிரியர் வாய் திறக்காமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவார். இரண்டாவதில் ஒவ்வோர் அசைவையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார். மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நான்காவதில் மாணவர் தாமே சொல்லிக்கொண்டு செய்வார்.

பெரும்பாலான மருத்துவமனைகளில் நேரமில்லை என்று மூன்றாவதை விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் உயிர்நாடி. உங்கள் வாய் 'அடுத்து கட்டுப்பட்டையைத் தளர்த்துங்கள்' என்று சொல்ல மறந்தால், உங்கள் கையும் மறக்கப்போகிறது என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். எந்த நாய்க்கும் வலிக்காமல் பிழை கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆசிரியர் அவசரப்பட்டால், 'சிஸ்டர், ஒரு தடவை நான் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள்' என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று: சனிக்கிழமை நான்கு மணி நேரம் உட்கார்ந்து பழகுவதைவிட நாள்தோறும் கால் மணி நேரம் பழகுவது கையில் நிற்கும். வீணை கற்றவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொடுவதற்கு முன்

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம் என்றாலும் எல்லாரும் போட்டுவிடுவதில்லை. ஆகவே மருத்துவமனைக்குள் நுழையுமுன் உங்களுக்கான முன்தடுப்பு ஊசிகள் முடிந்திருக்க வேண்டும். குணம் திடீரென்று மாறிய நாய், எச்சில் ஒழுகும் நாய், விழுங்கத் திணறும் மாடு, இவற்றின் வாய்க்குள் 'எலும்பு சிக்கியிருக்கிறதா' என்று வெறுங்கையை விடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அதன் பிறகு நேராக மனித மருத்துவரிடம் போக வேண்டும். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது குழாயடியில் நின்றால்தான் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள்.

பிடிப்பது தனிக்கலை. நாயைப் பக்கவாட்டிலிருந்து நெருங்குங்கள். நேருக்கு நேர் குனிந்து கண்ணைப் பார்ப்பது அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பு. உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது எல்லாம் உறுமலுக்கு முந்தைய எச்சரிக்கைகள். உறுமும் நாய் நல்ல நாய், சொல்லிவிட்டுக் கடிக்கிறது. பூனைக்குப் பெரிய துண்டு போதும். கூடையின் மேல்மூடியைக் கழற்றி, பூனை அடிப்பாதியிலேயே இருக்க, துண்டால் மூடி, வேண்டிய காலை மட்டும் வெளியே எடுங்கள். கழுத்துத் தோலைப் பற்றித் தூக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பூனையின் பயத்தைக் கூட்டுகிறது, அடுத்த முறை உங்கள் வேலையையும் கூட்டுகிறது.

தீபாவளி வாரத்தில் எங்கள் கூடத்துக்கு வருகிறவர்கள் இதை நன்றாகவே கற்றுக்கொள்வார்கள். வெடிச்சத்தத்தில் வேலியைத் தாண்டி ஓடி, காலைக் கிழித்துக்கொண்ட நாய்கள் வரிசையாக வரும். அவற்றுக்கு முதல் மருந்து இருட்டான, சத்தமில்லாத ஓர் அறை.

எண்ணிப் பழகுதல்

வெப்பம், நாடி, மூச்சு என்று பாடத்தில் வரும் வரிசையைக் கூடத்தில் தலைகீழாக மாற்றுங்கள். மூச்சை எண்ணுவது முதலில், அதுவும் தொடாமல், எட்ட நின்று. தொட்டதும் எண்ணிக்கை பொய்யாகிவிடும். நாய்க்கு நிமிடத்துக்கு 10 முதல் 30, பூனைக்கு 20 முதல் 30. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயை எண்ண முயலாதீர்கள். 'இரைப்பு' என்று எழுதிவிட்டுப் பிறகு வாருங்கள்.

அடுத்து நாடி. தொடையின் உட்பக்கம் விரல்களை வைத்துக்கொண்டு, மறுகையால் ஸ்டெதஸ்கோப்பில் இதயத்தைக் கேளுங்கள். இதயம் துடித்தும் நாடி வராத துடிப்பு இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு கையால் எண்ணினால் இது தெரியவே தெரியாது. நாயின் துடிப்பு உடலளவைப் பொறுத்து 60 முதல் 140 வரை. மிகச் சிறிய நாய்களுக்கு இன்னும் கூடும். பூனைக்கு 140 முதல் 220.

வெப்பம் கடைசியில். தெர்மாமீட்டர் முனையில் வழுவழுப்புத் தடவி, மெல்லச் சுழற்றி மலவாய்க்குள் விட்டு, குடலின் சுவரில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். மலத்துக்குள் குத்தி நின்றால் குறைத்துக் காட்டும். 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு.

ஈறைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வெளிறிய ஈறு, மஞ்சள் ஈறு, செங்கல் நிற ஈறு ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். பூனையின் ஈறு சேற்று நிறத்தில் இருந்தால், வீட்டில் பாரசிட்டமால் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாத்திரைதானே என்று அன்பாகக் கொடுத்திருப்பார்கள். பூனையின் உடலால் அதைக் கையாள முடியாது. பாதி மாத்திரையே உயிரை எடுத்துவிடக்கூடும். கேட்கும்போது குரலில் குற்றச்சாட்டு வேண்டாம். பயந்தவர் பொய் சொல்வார்.

சமையல் மேசையில் ஒரு முன்னங்கால்

சிரைக்குள் குழாய் ஏற்றுவதைத்தான் மாணவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். உலோக ஊசிமேல் பிளாஸ்டிக் குழாயைப் போர்த்திய அந்தக் கருவிக்கு இங்கே 'ஜெல்கோ' என்று பெயர். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வென்ஃப்லான் என்பார்கள். முதல் இருபது முயற்சி உயிருள்ள கால்மீது நடக்கக் கூடாது என்பது என் கறாரான விதி.

வீட்டிலேயே கால் செய்யலாம். ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் கட்டுங்கள். அதன்மேல் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை நீளவாக்கில் வையுங்கள். சிவப்பு உணவுச்சாயம் கலந்த தண்ணீரைப் பழைய டிரிப் பையில் நிரப்பி, குழாயின் ஒரு முனையில் இணைத்து உயரத் தொங்கவிடுங்கள். மறுமுனையைக் கிளிப்பால் அடைத்துவிடுங்கள். மேலே கார் துடைக்கும் மெல்லிய தோல் துணியைப் போர்த்தி இழுத்துக் கட்டினால், விரலுக்கு அடியில் துள்ளும் ஒரு சிரை தயார். சரியாகக் குத்தினால் சிவப்பு வரும். என் மாணவி ஒருத்தி இதை வீட்டுச் சமையல் மேசையில் வைத்துப் பழகியபோது, அவளுடைய தாத்தா மிளகாய்த்தூள் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாராம். மூன்றாம் நாள் அவரே, 'கண்ணு, கோணம் கொஞ்சம் செங்குத்தாக இருக்கிறது' என்றாராம்.

தோலடி ஊசிக்கும் தசை ஊசிக்கும் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். பஞ்சு பொம்மையும் ஆரஞ்சுப் பழமும் போதும். குமிழி போகச் சிரிஞ்சைத் தட்டுவது, குத்தியபின் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல் நேரே மஞ்சள் பெட்டியில் போடுவது: மூன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். தொடையின் பின்பக்கம் நரம்பு ஓடுகிறது. தசை ஊசிக்கு அங்கே போகாதீர்கள்.

இனி உண்மையான கால்

தட்டை அடுக்குவதிலிருந்தே வேலை தொடங்குகிறது. ஜெல்கோ இரண்டு (முதலாவது தவறினால் எழுந்து ஓடக் கூடாது), பூனைக்கு 22 அல்லது 24 கேஜ் (ஊசியின் தடிமன் எண்; எண் கூடினால் ஊசி மெலியும்), நடுத்தர நாய்க்கு 20, பெரிய நாய்க்கு 18. முடி வெட்டும் இயந்திரம், குளோர்ஹெக்சிடின் சோப்பு, ஸ்பிரிட், பஞ்சு, மூடி, உப்புநீர் நிரப்பிய சிரிஞ்ச். பிளாஸ்திரியை முன்கூட்டியே மூன்று துண்டாகக் கிழித்து மேசை விளிம்பில் ஒட்டி வையுங்கள். ஒரு கையால் ஜெல்கோவைப் பிடித்துக்கொண்டு பல்லால் பிளாஸ்திரி கிழிக்கும் செவிலியர்களை எனக்குத் தெரியும். அது திறமை இல்லை. தட்டு அடுக்காததன் விளைவு.

உதவியாளர் நாயின் கழுத்தை ஒரு கையால் அணைத்து, மறுகையால் முழங்கைக்குப் பின்னாலிருந்து காலை முன்னுக்கு நீட்டுவார். கட்டைவிரலால் காலின் மேற்புறத்தை அழுத்தி, சற்று வெளிப்பக்கம் உருட்டினால் செஃபாலிக் சிரை எழும்பி நிற்கும். முடியைத் தாராளமாக வெட்டுங்கள். ரூபாய் நாணய அளவுக்கு வெட்டிவிட்டுப் பக்கத்து முடி குழாயில் ஒட்டுகிறதே என்று புலம்பிப் பயனில்லை. பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். துடைத்த இடத்தை 'சிரை எங்கே' என்று மறுபடி விரலால் தடவினால், மீண்டும் முதலிலிருந்து துடைக்க வேண்டும்.

காலின் கீழ்ப்பகுதியில் தொடங்குங்கள். அங்கே தவறினால் மேலே இடம் மிச்சம் இருக்கும். மேலே தொடங்கித் தவறினால் கீழே ஏற்றுவது வீண், மருந்து மேலுள்ள ஓட்டை வழியாகக் கசியும்.

ஊசியின் வெட்டுமுகம் மேல் நோக்கி இருக்கட்டும். 15 முதல் 30 டிகிரிக் கோணத்தில் தோலைத் தாண்டி, சிரையைக் குத்துங்கள். ஊசியின் பின்புறக் குமிழில் சிவப்பு எட்டிப் பார்க்கும். புதியவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். சிவப்பைக் கண்ட மகிழ்ச்சியில் உடனே பிளாஸ்டிக் குழாயைத் தள்ளுவார்கள்; அது சிரைக்கு வெளியே மடங்கிக்கொள்ளும். காரணம் எளிது: உலோக ஊசியின் நுனி பிளாஸ்டிக்கைவிடச் சற்று நீளம். ஊசி உள்ளே போய்விட்டது, பிளாஸ்டிக் இன்னும் வாசலில் நிற்கிறது. ஆகவே சிவப்பு தெரிந்ததும் கையைத் தாழ்த்தி, காலுக்கு இணையாக்கி, இரண்டையும் சேர்த்து இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னேற்றுங்கள். அதன் பிறகு ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் பிளாஸ்டிக்கை மட்டும் வழுக்கி உள்ளே அனுப்புங்கள். ஊசியைப் பின்னுக்கு இழுக்கிறோமா, குழாயை முன்னுக்குத் தள்ளுகிறோமா என்பது கைக்குத் தெளிவாக இருக்க வேண்டும். தள்ளத்தான் வேண்டும்.

ஒருமுறை வெளியே வந்த ஊசியைக் குழாய்க்குள் மறுபடி செருகாதீர்கள். ஊசி முனை பிளாஸ்டிக்கை அரிந்துவிடும், அந்தத் துண்டு இரத்தத்தோடு போய்விடும்.

உதவியாளர் அழுத்தத்தை விடுவார். இதை அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மேசை முழுவதும் இரத்தமாகும். மூடியைப் பொருத்தி, முதல் பிளாஸ்திரியைக் குழாயின் அடியில் கொடுத்துச் சுற்றி, உப்புநீரைச் செலுத்திப் பாருங்கள். தோலுக்கடியில் குமிழ் எழும்பினால் குழாய் வெளியே இருக்கிறது. எழும்பாமல் குளிர்ச்சி மேல்நோக்கி ஓடுவதை விரல் உணர்ந்தால் சரி. தேதியையும் நேரத்தையும் கட்டின்மேலேயே எழுதுங்கள். அடுத்த நாள் விரல்கள் வீங்கியிருந்தால் கட்டு இறுக்கம். குழாய்க்கு மேலே வீங்கியிருந்தால் கசிவு.

இரண்டு முறை தவறினால் மூன்றாவதை இன்னொருவரிடம் கொடுங்கள். அந்த நாய் உங்கள் பயிற்சிப் பொருள் இல்லை.

மின்சாரம் போனபோது

2022, 2023 ஆண்டுகளில் இங்கே மின்வெட்டு நாள்தோறும் பல மணி நேரம். டிரிப் செலுத்தும் இயந்திரங்களின் பேட்டரி தீர்ந்து நின்றபோது, கையால் சொட்டு எண்ணத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துபோனது. அதன்பின் எந்த மாணவரையும் இயந்திரத்தோடு தொடங்கவிடுவதில்லை.

ஒரு கணக்கு. நாய் 12 கிலோ. மருத்துவர் கிலோவுக்கு மணிக்கு 2 மி.லி. என்று எழுதியிருக்கிறார். ஆக மணிக்கு 24 மி.லி. குழாய் உறையில் '1 மி.லி.க்கு 20 சொட்டு' என்று அச்சிட்டிருந்தால், 24-ஐ 20-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 8 சொட்டு. ஏழரை நொடிக்கு ஒன்று. பூனைகளுக்கும் குட்டிகளுக்கும் வைக்கும் 60 சொட்டுக் குழாயானால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, அதாவது 24. உறையைப் படிக்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்துச் சொட்டை எண்ணினால், கொடுப்பது மூன்று மடங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஆகிவிடும். உறையை உரக்கப் படியுங்கள்.

பையின் மேல் நீளவாக்கில் பிளாஸ்திரி ஒட்டி மணிக்கணக்கில் கோடு போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து 48 மி.லி. இறங்கியிருக்க வேண்டும். கோடு சொல்வதும் நீங்கள் எண்ணியதும் பொருந்தவில்லையென்றால் நாய் காலை மடக்கிப் படுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

கடுகளவு இரத்தம்

இங்கே கோடைக்காலத்தில் சோர்ந்துபோய், சாப்பிடாமல், சிறுநீர் சிவந்து வரும் நாய் என்றால் எல்லாருடைய மனத்திலும் முதலில் எழும் சொல் 'பிலியரி'. உண்ணி கடித்து வரும் நோய். பபீசியா ரோசி என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கிறது. நோயைத் தீர்மானிப்பவர் மருத்துவர். ஆனால் அவர் பார்க்கும் ஸ்லைடைச் செய்பவர் நீங்கள். மோசமான ஸ்லைடில் நல்ல கண்ணுக்கும் எதுவும் தெரியாது.

காது மடல் விளிம்பில் முடி நீக்கித் துடைத்து, ஊசியால் லேசாகக் குத்தி வரும் துளியை எடுங்கள். ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் நுண்குழாய்களில் தேங்குவதால் பெரிய சிரை இரத்தத்தைவிட இங்கே அதிகம் அகப்படும். துளி கடுகளவுதான் இருக்க வேண்டும். இரண்டாவது ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, துளியைத் தொடும்வரை பின்னுக்கு இழுங்கள். இரத்தம் விளிம்பெங்கும் ஓடிப் பரவியதும், நிறுத்தாமல், அழுத்தாமல், ஒரே வீச்சில் முன்னுக்குத் தள்ளுங்கள். தோசை மாவை விரிப்பதுபோல் வட்டம் போடும் கை இதற்கு ஆகாது. கோலத்துக்குக் கம்பி இழுக்கும் கை வேண்டும். முடிவில் இறகுபோல மெலிந்த நுனி கிடைத்தால் வெற்றி.

டர்பனின் ஈரக்காற்றில் ஸ்லைடு மெல்ல உலரும். மெல்ல உலர்ந்தால் சிவப்பணுக்களுக்குள் பளபளக்கும் புள்ளிகள் தோன்றும். புதியவர்கள் அதை ஒட்டுண்ணி என்று நினைத்துக் கத்திவிடுவார்கள். நுண்நோக்கியின் குவியத்தை மேலும் கீழும் திருப்பினால் அந்தப் புள்ளி மின்னி மின்னி மறையும். உண்மையான ஒட்டுண்ணி மின்னாது. சாயமேறி, பெரும்பாலும் பேரிக்காய் வடிவில் இரட்டையாக உட்கார்ந்திருக்கும். ஆகவே செய்தவுடன் ஸ்லைடைக் காற்றில் வீசி உலர்த்துங்கள், அல்லது முடி உலர்த்தியின் குளிர்காற்றைக் காட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், அதில் ஈரம்தான் கூடும்.

பிறகு மூன்று குப்பிச் சாயம்: முதலில் பதப்படுத்தும் திரவம், அடுத்து சிவப்பு, அடுத்து நீலம். குப்பி உறையில் சொன்ன எண்ணிக்கைப்படி முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, நிறுத்தி உலர்த்துங்கள். இறகு நுனியில் 100 மடங்கு எண்ணெய் வில்லையை வைத்துத் தேடுங்கள். ஒருநாளைக்கு ஐந்து ஸ்லைடு வீதம் ஒரு மாதம் செய்தால் கை படிந்துவிடும். கெட்டுப்போன ஸ்லைடுகளை எறியாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். 'துளி பெரிது', 'தயங்கினேன்', 'அழுத்தினேன்' என்று ஒவ்வொன்றிலும் எழுதி வைத்தால், இரண்டு வாரத்தில் உங்கள் கையின் குணம் உங்களுக்கே தெரியும்.

மயக்கத்தில் இருக்கும் உயிர்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பெயர் சொல்ல வேண்டாத ஒரு மருத்துவமனை. மயக்க இயந்திரத்தில் கசிவு இருக்கிறதா என்று காலையில் சோதித்தேன்: வெளியேற்றும் வால்வை மூடி, குழாயின் முனையை விரலால் அடைத்து, 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை நிரப்பி, 10 நொடி முள் இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கவில்லை. திருப்தி. அப்போது தொலைபேசி ஒலித்தது. வால்வைத் திறக்காமல் போய்விட்டேன்.

பிறகு பீகிள் நாய் ஒன்றுக்கு மயக்கம் கொடுத்து இணைத்தார்கள். மூன்று நிமிடத்தில் மூச்சுப் பை கால்பந்துபோல இறுகி நின்றது, இதயம் மெதுவாகிக்கொண்டே போனது. மருத்துவர் கை நீட்டி வால்வைத் திறந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாய் பிழைத்தது. அவர் என்னைத் திட்டவில்லை. 'நாளையிலிருந்து அதைத் திறக்கும்போது அறைக்கே கேட்கும்படி சொல்' என்றார். இன்றுவரை 'வால்வு திறந்தது' என்று உரக்கச் சொல்கிறேன். பக்கத்தில் யாராவது 'கேட்டது' என்று பதில் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள்.

அதே குரலில் மற்றவையும்: ஆக்சிஜன் உருளையின் அழுத்தம், கரியமிலவாயுவை உறிஞ்சும் சோடா லைமின் நிறம், மயக்க மருந்தின் அளவு, மூச்சுக்குழாய்க்குள் விடும் பிளாஸ்டிக் குழாயின் பலூன் ஊதிப் பார்த்தது.

மயக்கத்தின்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் எழுத வேண்டும். இயந்திரம் காட்டுவதை எழுதுமுன் நாயைத் தொடுங்கள். இமை விளிம்பைத் தொட்டால் சிமிட்டுகிறதா, தாடை எவ்வளவு இறுக்கம், கண் விழி கீழ்நோக்கிச் சுழன்றிருக்கிறதா? விழி நடுவில் நின்றால் மயக்கம் மிக லேசாகவோ மிக ஆழமாகவோ இருக்கலாம். தாடையையும் இமையையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். வெளிமூச்சின் கரியமிலவாயு 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம், சராசரி இரத்த அழுத்தம் 60-க்குக் கீழே போகக் கூடாது, ஆக்சிஜன் செறிவு 95 விழுக்காட்டுக்கு மேல். எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். 90, 82, 74 என்று இறங்கும் அழுத்தத்தை 60 வரும்வரை காத்திருந்து சொல்பவர் தாமதமானவர்.

இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பக்கவாட்டில் கிடத்தி, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுக்கி, முழுவதும் எழும்ப விடுங்கள். மூச்சுக்குழாய்க்குள் அந்தக் குழாயைப் போட்டிருந்தால் நிமிடத்துக்கு 10 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், நீங்கள் களைக்கவில்லை என்று நினைத்தாலும். சோபா மெத்தைமேல் பழகலாம். இரண்டு நிமிடம் முழுதாகச் செய்து பாருங்கள், ஆள் ஏன் மாற வேண்டும் என்று தோளே சொல்லும்.

ஒத்திகைத் தேர்வு

செய்முறைத் தேர்வில் நிலையம் நிலையமாக நகர வேண்டும். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரு பணி, பட்டியலோடு ஒரு தேர்வாளர். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து நண்பர்கள் நால்வர் சேர்ந்து மேசைகளை அடுக்குங்கள். கையுறை அணிவது ஒன்று, கட்டுப் போடுவது ஒன்று, சொட்டுக் கணக்கு ஒன்று, ஸ்லைடு ஒன்று. தேர்வாளராக இருப்பவர்தான் அதிகம் கற்கிறார், ஆகவே முறை மாற்றுங்கள்.

கிருமி நீக்கிய கையுறை மேசையில் பட்டுவிட்டதா? மூச்சை அடக்கிக்கொண்டு தொடராதீர்கள். 'பட்டுவிட்டது, மாற்றுகிறேன்' என்று சொல்லி மாற்றுங்கள். பட்டதைத் தேர்வாளர் மன்னிப்பார். மறைத்தால் எந்த மருத்துவரும் உங்களை அறுவை அறைக்குள் விட யோசிப்பார்.

வீட்டுக்கு அனுப்பும் நேரம்

இதற்கு மதிப்பெண் குறைவு, ஆனால் நான் இதற்குக் கடுமையாகவே இருக்கிறேன். போன கோடையில், பிலியரியிலிருந்து தேறிய நாயை அழைத்துப்போக ஓர் ஆயா வந்தார். என்னிடம் பழகிக்கொண்டிருந்த பெண் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னாள்: மாத்திரை காலையும் இரவும், உண்ணி மருந்து மாதாமாதம், ஒரு வாரம் ஓடவிடக் கூடாது. ஆயா தலையாட்டினார். பெண் என்னைப் பார்த்தாள், முடிந்தது என்ற முகத்தோடு.

"அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லம்மா" என்றேன்.

"ஆயா, வீட்டில் மாத்திரையை எப்படிக் கொடுப்பீர்கள்? ஒருமுறை சொல்லுங்கள்."

"அதற்கென்ன, பிரியாணிக் குழம்பில் பிசைந்து கொடுத்தால் தின்னுமே" என்றார் ஆயா.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். இப்போதுதான் ஒட்டுண்ணி உடைத்து மிஞ்சிய இரத்தம் அது. பெண் நாற்காலியை இழுத்து ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வெங்காயம் போடாத வெறும் சோறு, வேகவைத்த கோழி, எலும்பு கூடாது, மாத்திரை அதற்குள். ஆயா விரல்விட்டு எண்ணியபடி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். மூன்றாவதில் தடுமாறினார், பெண் காத்திருந்தாள். நான்கும் சரியாக வந்த பிறகுதான் பேனாவை எடுத்துக் கோப்பில் எழுதினாள்.